வேற பேருல வந்த பணம்

அந்த மேல் பெர்த்துல பையைத் தூக்கி வெச்சுக்கோங்க தம்பி. ஆளு வராதுங்க. அது நவநீதன்ர பெர்த்து. டிடிஆர் வந்து கேட்டப்ப பாத்ரூம் போயிருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். நேத்துச் சாயந்திரத்துல இருந்து இதையேதான் சொல்லிட்டிருக்கேன், அந்த மனுசன் என்ன நெனச்சாரோ. வேற யாரையாச்சும் கொண்டாந்து அதுல படுக்க வெச்சா எனக்கு ஒறக்கம் வராதுங்க, அதுக்குத்தான். பை இருந்தாப் பரவால்ல.

நாக்பூர்ல ஏறுனதும் போன்ல, "அம்மா, ரயில் ஏறிட்டேன்"னு தமிழ்ல சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு உசுரே வந்துது. நேத்துல இருந்து என்ர வாய்க்கு வேலையே இல்லீங்க. பத்து மிஷின் ஓடற சத்தத்துக்கு மேல பேசிப் பேசியே பழகுன வாயி. கரண்டு போனாலும் ராஜாமணி வாய் நிக்காதுன்னு எங்கூட்டுக்காரர் சொல்லுவாரு. ராஜாமணிங்கறது நான்தானுங்க. ஆம்பளப் பேருன்னு நெனச்சுக்காதீங்க, எங்க பக்கம் பொம்பளைக்கும் வெப்பாங்க.

இந்தாங்க, கச்சாயம் எடுத்துக்கோங்க. ஊர்ல இருந்து கெளம்பறப்ப வெல்லம் போட்டுச் சுட்டது, இன்னும் கெடலை. நவநீதனுக்குக் கச்சாயம்னா உசுருன்னு டப்பா நெறையச் சுட்டேன். பாதி அப்படியே திரும்பி வருது. எடுங்க, ரெண்டா எடுங்க.

எங்க போயிட்டு வர்றேன்னு கேக்கறீங்க. போலீஸ் டேசனுக்குங்க. பயந்துக்காதீங்க, திருட்டு கிருட்டு இல்லை. சைபர் போலீஸ். வடக்க ஒரு ஊரு, பேரு எதுக்குங்க, போறதுக்கே ரெண்டு ராத்திரி ஆச்சு. அங்க ஒரு பகல் இருந்தேன். ஒரு கடுதாசி குடுத்தாங்க. வாங்கி மடிச்சு இந்தப் பையில வெச்சிருக்கேன். அந்த ஒரு கடுதாசிக்கு ரெண்டு மாசமா பட்ட பாடு இருக்குதே, அப்பப்பா. ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்பல இருக்குதுங்க.

எங்க ஊரு திருப்பூர். பெருமாநல்லூர் ரோட்டுல ஒரு சந்துக்குள்ள பத்து மிஷின் போட்டிருக்கேன். பவர் டேபிள்னு சொல்லுவாங்க. பனியன் கம்பெனிக்காரன் வெட்டுன துணியைக் கொண்டாந்து போடுவான், நாம தெச்சுக் குடுக்கோணும், பீசுக்கு இவ்வளவுன்னு கூலி. ஒரு நாள் காத்தால டெய்லருங்களுக்கு டீ வாங்கிப்போட்டு போனைக் காட்டறேன், பணம் போகமாட்டேங்குது. மறுக்கா காட்டறேன், போகலை. டீக்கடைக்காரன், "என்னக்கா, டீக்காசுக்கே ததிங்கிணத்தோமா"ன்னு சிரிக்கறான். பேங்குக்கு ஓடுனேன். மேனேஜர் சொல்றாரு, "உங்க அக்கவுண்ட்டை நாங்க நிறுத்தலைங்கம்மா. வடக்க இருக்கற போலீஸ் சொல்லி நிறுத்தியிருக்கு. அங்க போயி கடுதாசி வாங்கிட்டு வாங்க"ன்னு. அந்த அக்கவுண்ட்டுலதான் டெய்லருங்களுக்குத் தீவாளி போனஸ் வெச்சிருந்தேன். என்ர பொண்ணு பிருந்தாவுக்கு வர்ற கார்த்தி மாசம் நிச்சயம், அதுக்குச் சேத்துனதும் அதுலதான்.

இத்தனைக்கும் காரணம் யாருன்னு கேட்டீங்கன்னா, இந்த நவநீதந்தானுங்க. அவன் மட்டும் எங்கூட்டுக்கு வராம இருந்திருந்தா நான் பாட்டுக்குத் தெச்சுட்டு இருந்திருப்பேன்.

யாருன்னு சொல்லவே இல்லையே. இருவத்தாறு வயசுப் பையன், காங்கயம் பக்கம். கோயமுத்தூர்ல டெக்ஸ்டைல் படிச்சுப்போட்டு எங்க மேல் ரூமை வாடகைக்குக் கேட்டு வந்தான். "தங்கறதுக்கா கண்ணு"ன்னேன். "கம்பெனிக்குங்க அக்கா"ங்கறான். ஒரு கம்ப்யூட்டரு, ஒரு பாயி, எட்டு அட்டைப்பெட்டி. இதுதான் கம்பெனியாம். நான் வாய்விட்டுச் சிரிச்சுப்போட்டேன். அவனும் கூடச் சேந்து சிரிச்சான். அப்படி ஒரு பையன். ஆறே மாசத்துல என்ர பத்து மிஷினுக்கும் அவன்தான் வேலை குடுத்தான். நல்லா இருந்ததைச் சொல்லோணுமில்லீங்களா.

நைஜீரியாவுல லாகோஸ்னு ஒரு ஊராம். அங்க பிசோலான்னு ஒரு புள்ள, இவனை விட ரெண்டு வயசு சின்னது, போன்லயே கடை நடத்துது. பச்சக் கொழந்தைங்களுக்கு மேலயும் கீழயும் ஒண்ணாச் சேத்துத் தெச்ச சட்டை இருக்குதில்லீங்களா, ரோம்பர்னு சொல்றது, அதுதான் ஓட்டம். அந்தப் புள்ள ஆர்டர் போடும், நவநீதன் துணி எடுப்பான், நான் தெப்பேன், பெட்டி கட்டிக் கப்பல்ல தாட்டி விடுவோம். ஒருதடவை அந்தப் புள்ளையே நேர்ல வந்துது. தலை நெறையப் பொடிப்பொடியாச் சடை. எங்கூட்ல கீழ உக்காந்து கம்பஞ்சோத்தைக் கையில உருட்டி உருட்டி அப்படிச் சாப்பிட்டுது. எங்கூர்லயும் இப்படித்தான்னு நவநீதன்கிட்டச் சொல்லுச்சாம். எனக்கு அதும்மேல ஒரே பாசமாப் போச்சு. போறப்ப ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் குடுத்தேன்.

சங்கடம் எங்க வந்துதுன்னா, பணம் வர்றதுல. அவங்க ஊருப் பேங்குல டாலர் வேணும்னா வரிசையில நிக்கோணுமாம். இன்னைக்கு எழுதிக் குடுத்தா அடுத்த மாசமாம். அதுக்குள்ள இங்க நூல் விலை ஏறிப்போகும். பெரிய மொதலாளிக்குப் பேங்கு கதவைத் தொறக்கும், இந்தச் சின்னப் புள்ளைக்கு யாரு தொறப்பாங்க? அதனால அது கிரிப்டோவுல அனுப்புது. உங்களுக்குத் தெரியுமே, படிச்ச புள்ள. போனுக்குள்ளயே இருக்கற டாலர். கையில புடிக்க முடியாது, சுருட்டி இடுப்புல சொருக முடியாது. ஆனா அங்க அமுக்குனா டீ ஆறதுக்குள்ள இங்க வந்து நிக்கும்.

வந்து நின்னா ஆச்சுங்களா? அதை வெச்சு நூல்காரன்கிட்ட நூல் கேக்க முடியுமா? ரூபாயா மாத்தோணும். அதுக்குப் போன்ல ஒரு ஆப்பு. டாலர் வேணுங்கறவன் எவனாச்சும் அந்த ஆப்புல வருவான். நம்ம பேங்குல ரூபாயைப் போடுவான். வந்துருச்சான்னு பாத்துப்போட்டு நாம ரிலீஸ்னு ஒரு பட்டனை அமுக்குனா டாலர் அவனுக்குப் போயிரும். போட்டவன் எந்த ஊரு, எப்படிப்பட்ட ஆளு, ஒண்ணும் தெரியாது. நவநீதன் அதுக்கெல்லாம் வரி கட்டி, பில்லு வெச்சு, ஒழுங்காத்தான் பண்ணுனான். இதெல்லாம் சரிதானான்னு பேங்குல போயிக் கேட்டான், அவங்களுக்கே தெரியலை, போயிட்டு அப்பறம் வாங்கன்னுட்டாங்க.

இதுக்குள்ள நான் எப்படி வந்தேன்னு கேளுங்க. நானாப் போயிக் கேக்கலீங்க. சரி, நான்தான் கேட்டேன். கூலியை ரூபாயா வாங்கறதை விட அந்தப் போன் டாலரா, காயின்னு சொல்லுவாங்க, அப்படியே வாங்கி நாமளே மாத்துனா கொஞ்சம் சேத்திக் கெடைக்கும்னு ஒருநா அவன் வாய் தவறிச் சொல்லிப்போட்டான். அதைக் கேட்டப்பறம் சும்மா இருப்பேனா? தெனம் மாடிப்படி ஏறி, "எனக்கும் போட்டுக் குடு, எனக்கும் போட்டுக் குடு"ன்னு நச்சரிச்சுட்டேன். "வேண்டாங்க அக்கா, இதுல சூதானமா இருக்கோணும்"னான். "ஏன், பொம்பளைக்கு வராதா"ன்னேன். அப்பறம் என்ன பண்ணுவான், போட்டுக் குடுத்தான்.

போட்டுக் குடுத்துப்போட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னான். ஆப்புல இருக்கற ஆளு பேரும், பேங்குல பணம் போட்ட பேரும் ஒண்ணா இருக்கோணும். வேற பேருல பணம் வந்துதுன்னா பட்டனைத் தொடாதீங்க, பணத்தை அப்படியே திருப்பி அனுப்பிருங்கன்னு. சொன்னதோட விட்டானா? அட்டைப்பெட்டியை வெட்டி ஸ்கெட்ச் பேனாவுல கொட்டை எழுத்துல எழுதி, கட்டிங் டேபிளுக்கு மேல செவுத்துல ஒட்டி வெச்சான். "வேற பேருல வந்தா ரிலீஸ் பண்ணாதீங்க அக்கா"ன்னு. டெய்லருங்கெல்லாம் அதைப் படிச்சுப்போட்டு ஒரே சிரிப்பு.

எனக்கும் சிரிப்புத்தான் வந்துது தம்பி. நீங்களே சொல்லுங்க. இருவத்திரெண்டு வருசமாத் தொழில் பண்றேன், எவன் அவனவன் பேருல எனக்குக் கூலி போட்டிருக்கான்? மச்சான் பேருல வரும். டைவர் பேருல வரும். ஒருதடவை செத்துப்போன மாமனார் பேருல வந்துது, காரியம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு. "அக்கா, அண்ணி அக்கவுண்ட்டுல இருந்து போட்டிருக்கேன், பாத்துக்கோங்க"ன்னா பாத்துக்க வேண்டியதுதான். பணம் வந்துதா இல்லையா, அதுதான் கணக்கு. யார் பேருன்னு பாத்துத் திருப்பி அனுப்புனா திருப்பூர்ல ஒருத்தனும் சோறு திங்க முடியாது. அந்த அட்டை மேல நான் மளிகைக்கடைக் காலண்டரை மாட்டிப்போட்டேன். மறைக்கோணும்னு இல்லீங்க. ஆணி அங்கதான் இருந்துது.

மூணு மாசம் ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் போச்சு. பழகிப்போயி அவனைக் கேக்காமயே நானே மாத்த ஆரம்பிச்சேன். ஒருநா ஒருத்தன் வந்தான், மத்தவங்களை விடக் காயினுக்கு ரெண்டு ரூபா சேத்தித் தர்றேன்னு. தீவாளி நேரம் வேற. சரின்னேன். பணமும் உடனே வந்துருச்சு. பாத்தா பேரு வேற. ஆப்புல ஆம்பளப் பேரு, பேங்குல குசும்லதான்னு பொம்பளப் பேரு. நான் ஒண்ணும் கண்ணை மூடிட்டுப் பண்ணலீங்க, கேட்டேன். யாரு இதுன்னு பிருந்தாவை விட்டு டைப் அடிக்கச் சொல்லிக் கேட்டேன். அண்ணின்னு அனுப்புனான். அண்ணின்னு சொன்னப்பறம் என்னங்க கேக்கறது? பட்டனை அமுக்கிப்போட்டேன். நவநீதன் மேலதான் இருந்தான். மாடி ஏறி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குக்கர் விசில் அடிச்சுது, அடுப்படிக்குப் போயிட்டேன்.

அந்தக் குசும்லதா அண்ணியும் இல்லை, கொழுந்தியாளும் இல்லை. ரிட்டயர் ஆன டீச்சராம். போன்ல எவனோ போலீஸ்னு சொல்லி, உங்களைக் கைது பண்ணப் போறோம், பணத்தை இந்த அக்கவுண்ட்டுல போடுங்கன்னு மெரட்டியிருக்கான். அந்தம்மா பயந்துபோயி இருந்ததையெல்லாம் பிச்சுப் பிச்சு எட்டு அக்கவுண்ட்டுக்குப் போட்டிருக்குது. எட்டுல ஒண்ணு என்ரது, அந்தம்மா புகார் குடுத்ததுல எட்டையும் நிறுத்திப்போட்டாங்க. டாலர் அந்தத் திருட்டுப் பயலுக்குப் போச்சு, அந்தம்மா பணம் எனக்கு வந்துது. இப்பப் பாருங்க, அவனை ஒருத்தருக்கும் தெரியாது. என்னைத்தான் தெரியுது. படிச்ச டீச்சரு, யாருன்னு தெரியாதவன் போன்ல சொன்னான்னு இப்படியாங்க பணத்தை அனுப்பும்? கொஞ்சமாச்சும் விசாரிக்க வேண்டாமா?

நவநீதன்கிட்ட விசயத்தைச் சொன்னப்ப அவன் கீழ வந்து என்ர போனை வாங்கிப் படிச்சான். படிச்சுப்போட்டுச் செவுத்தோரம் போயி, அந்தக் காலண்டரைத் தூக்கி அட்டையைப் பாத்தான். மறுபடியும் காலண்டரை அப்படியே விட்டுட்டான். திட்டுவான்னு பாத்தேன். "வாங்க அக்கா, ரெண்டு பேரும் போயிட்டு வந்தரலாம்"னான். அவனுக்கு ஹிந்தி அரைகொறையாத் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. அவனே டிக்கெட் போட்டான், எனக்குக் கீழ் பெர்த்து, அவனுக்கு மேல.

போறப்ப ரயில்ல ரெண்டு நாளும் நான் பொலம்பிட்டேதான் போனேன். வேற என்னத்தைப் பேச? "உனக்கென்ன கண்ணு, ஒத்தை ஆளு. என்ர பொண்ணுக்குக் கார்த்தியில நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவினாசியில நாலு பேருக்குத் தெரிஞ்சவங்க. போலீஸ் கேசுல ராஜாமணி பேரு இருக்குதுன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள வாழ்க்கை அவ்வளவுதான்"னேன். அழுதுட்டேன். எதிர்ல உக்காந்திருந்த சேட்டம்மா கூடக் கண்ணைத் துடைச்சுது. நவநீதன் ஜன்னல் வழியாப் பாத்துட்டே வந்தான். நான் சும்மா என்ர வெசனத்தைச் சொன்னேனுங்க. அவனை ஒண்ணும் கேக்கலை.

டேசன்ல போயி உக்காந்தோம். வெளிய பெஞ்சுல ஒரு வயசான அம்மா துணிப்பை வெச்சுட்டு உக்காந்திருந்துது. இதுதான் அந்த டீச்சர்னு அப்பறம் சொன்னாங்க. என்னை ஏற இறங்க ஒரு பார்வை பாத்துது பாருங்க, நான் என்னமோ அது கழுத்துச் சங்கிலியை அறுத்தாப்பல. நானும் முறைச்சுப்போட்டேன். எனக்கு மட்டும் போனஸ் குடுக்க முடியாம டெய்லருங்க மூஞ்சியைப் பாத்தது லேசுப்பட்டதா? மூணு பேரு வேற டேபிளுக்கே போயிட்டாங்க.

உள்ள ஆபீசரு சின்னப் பையன், மீசை இப்பத்தான் மொளைக்குது. பேப்பரைக் கையில வெச்சுட்டு ஹிந்தியில கேக்கறாரு. நவநீதன் பேசறான். பில்லைக் காட்டறான், கப்பல் கடுதாசியைக் காட்டறான், பிசோலா ஆர்டர் போட்டதைக் காட்டறான். ஆபீசர் ஒவ்வொண்ணாத் தள்ளி வெச்சுப்போட்டு, கடைசியா அந்தக் குசும்லதா பணம் வந்த பேப்பரை எடுத்து வெச்சு என்னமோ ஒண்ணு கேட்டாரு. நவநீதன் அந்தப் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துப் பாத்தான். அப்பறம் பேசுனான்.

என்ன பேசுனான்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி, எனக்குத்தான் ஹிந்தி தெரியாதுங்களே.

நெஞ்சுல கை வெச்சுப் பேசுனான். என்னைக் காட்டி, போனைக் காட்டி, இல்லைன்னு தலையை ஆட்டுனான். மறுபடி நெஞ்சைத் தொட்டுக் காட்டுனான். அதுக்கு ஹிந்தி தெரியோணுமா என்ன.

அங்க ஒரு போலீஸ்காரர், வயசானவரு, பட்டாளத்துல இருந்தப்ப நம்ம பக்கத்து வெல்லிங்டன்ல இருந்தாராம், தமிழ் கொஞ்சம் வருது. ஆபீசர் சொல்லி அவரு என்ர பக்கம் திரும்பி, "அம்மா, இந்தப் பையன் சொல்றது சரியா? உனக்குப் போன் தெரியாது. உன் பேருல எல்லாம் இவன் பண்ணுனான். சரியா?"ன்னாரு.

நான் பொய் சொல்லலீங்க. அதை நல்லாக் கேட்டுக்கோங்க. ஆமான்னு சொல்லலை. தலையைக்கூட ஆட்டலை. கையில தண்ணி பாட்டில் இருந்துது, அதும் மூடியைத் திருகிட்டு இருந்தேன். மூடி சரியா ஏறலை. அவரு மறுக்காவும் கேட்டாரு. நான் மூடியவே பாத்துட்டு இருந்தேன். அவரா என்னமோ ஹிந்தியில சொன்னாரு, ஆபீசரு அதை எழுதிக்கிட்டாரு. யாரு என்ன எழுதுனாங்களோ, நான் ஒரு வார்த்தை பேசலை. என்ர ஆயுசுல ஒருத்தரு கேள்வி கேட்டு நான் பதில் பேசாம இருந்தது அதுதானுங்க மொதல் தடவை.

அவன்கிட்ட பாஸ்போர்ட் கேட்டாங்க. அட்ரசுக்குன்னு பையில அதைத்தான் கொண்டாந்திருந்தான். வர்ற இருவதாந்தேதி அவன் லாகோஸ் போகோணும். விசா வந்துருச்சு. மொத மொத ஏரோப்ளேன். பிசோலா அங்க ஒரு கடை புடிச்சிருக்குது, ரெண்டு பேரும் பங்கு. புது ஷூ வாங்கி, மாடியில போட்டு நடந்து நடந்து பாப்பான், எனக்குக் கீழ மிஷின் சத்தத்துலயும் கேக்கும். அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கி டிராயர்ல போட்டு மூடிட்டாங்க. எனக்குக் கடுதாசியில சீல் வெச்சுக் குடுத்தாங்க. அவனை விசாரணைக்கு இருக்கட்டும்னுட்டாங்க.

"ரயிலுக்கு நேரமாச்சு, கெளம்புங்க அக்கா. ஆட்டோக்காரன் நூத்தம்பதுக்கு மேல கேட்டாக் குடுக்காதீங்க"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நாலு கச்சாயத்தைக் காகிதத்துல மடிச்சு அவன் கையில குடுக்கப் போனேன். போலீஸ்காரர் நடுவுல வாங்கி மேசை மேல வெச்சுட்டாரு. குடுத்தாங்களோ, அவங்களே தின்னாங்களோ. நான் வந்துட்டேன். ரிசர்வ் பண்ணுன டிக்கெட்டு தம்பி, விட்டா அடுத்த வாரம்தான் கெடைக்கும். அங்க இருந்து நான் என்ன பண்ணப் போறேன், பாசையும் தெரியாது. என்ர பக்கத்தையும் நீங்க பாக்கோணும்.

இப்பச் சொல்லுங்க, அவன்தானே எனக்கு இந்த ஆப்பைப் போட்டுக் குடுத்தான்? வேண்டாம்னா வேண்டாம்னே இருந்திருக்கோணும். நான் நச்சரிச்சா, குடுத்தர்றதா? அந்த விதத்துல பாத்தா அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லீங்களே. நேத்துல இருந்து இதைத்தான் நெனச்சுட்டு வர்றேன். நெனச்சு நெனச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்குது. ஒறக்கம் மட்டும் வரமாட்டேங்குது.

காத்தால அந்தப் பட்டாளத்துப் போலீஸ்காரர் போன் பண்ணுனாரு. என்ர நம்பரை வாங்கி வெச்சிருந்தாரு, நல்ல மனுசன். அவரே ஒரு வக்கீலைப் புடிச்சிருக்காரு. இன்னைக்கு மூணு மணிக்குப் பையனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். ரெண்டு மணிக்குள்ள வக்கீலுக்கு எட்டாயிரம் போட்டாத்தான் அவரு வந்து நிப்பாராம். நிக்கலைன்னா உள்ள போட்டுருவாங்களாம், அப்பறம் எப்ப வெளிய வருவான்னு சொல்ல முடியாதாம். இன்னொண்ணும் சொன்னாரு. "அம்மா, போன்ல பட்டன் யாரு அமுக்குனதுன்னு உனக்குத் தெரியும். ரெண்டு வரி எழுது, கையெழுத்துப் போடு, போட்டோ அனுப்பு. நீயும் ஏமாந்த ஆளு, உன்னை ஒண்ணும் செய்யமாட்டாங்க. பையனும் வந்துருவான்"னாரு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுதோ. நானா வாயைத் தொறந்தேன்?

எழுதலாந்தான். எழுத வராதுன்னு இல்லை, எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். ஆனா எழுதுனா அது பேப்பர்ல நின்னு போகுமே தம்பி. இன்னும் இருவது நாள்ல நிச்சயம். அது முடியட்டும்னு பாக்கறேன். முடிஞ்சப்பறம் எழுதலாம். அதுக்காக அந்தப் புள்ளையை அப்படியே விட்டுருவேனா? நான் என்ன ராட்சசியா? எங்கூட்ல ஒரு வருசமாச் சோறு தின்ன புள்ள. பெத்தவங்களுக்கு அவன் இன்னும் ஒண்ணும் சொல்லலை. அப்பா லாரி ஓட்டறாரு, அந்த மனுசனுக்கு நான் போன் போட்டு என்னன்னு சொல்றது?

அதுதான், உங்களை ஒரு உதவி கேக்கலாம்னு இருக்கேன்.

பணம் இருக்குதுங்க. அக்கவுண்ட் நின்னதுல இருந்து எல்லாம் கையில காசுதான், பாருங்க, சுருக்குப்பையில வெச்சிருக்கேன். இந்த எட்டாயிரத்தை நீங்க வாங்கிக்கோங்க. உங்க போன்ல இருந்து அந்த வக்கீல் நம்பருக்குப் போட்டு விட்டுருங்க. என்ர அக்கவுண்ட்டு இன்னும் தொறக்கலை, தொறந்திருந்து போட்டாலும் அங்க ராஜாமணின்னு காட்டும். இவளுக்கு என்ன அக்கறைன்னு கேப்பாங்க, தோண்டுவாங்க. எங்கூட்டுக்காரர் பேருல போட்டாலும் அதேதான். பிருந்தா பேரு சொல்லவே வேண்டாம். உங்க பேருன்னா யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டா, தெரிஞ்ச பையன்னு சொல்லிருங்க. அண்ணன்னு சொல்லுங்க, என்ன இப்ப. அவன் கோர்ட்டுல நிக்கறப்ப பக்கத்துல ஒரு ஆளாச்சும் நிக்கட்டுங்க.

வண்டியும் நின்னுருச்சு. டேசன் வந்தாச்சு, சிக்னல் நல்லா இருக்கும். மணி ஒண்ணே முக்காலு. இந்தாங்க நம்பரு, இந்தச் சீட்டுல எழுதியிருக்குது.

என்னங்க தம்பி, போனை எதுக்கு உள்ள வெக்கறீங்க? நல்ல பணந்தானுங்க, நான் தெச்சுச் சம்பாரிச்சது. சந்தேகமா இருக்குதுங்களா? என்ர மொகத்தைப் பாத்தா ஏமாத்தறவளாட்டமா இருக்குது? சரி, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன், அந்தப் பக்கம் இருக்கறவங்களைக் கேட்டுப் பாப்பேன். கச்சாயத்தைக் கையில வெச்சுட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருந்தா நான் என்னன்னு நெனச்சுக்கறது? வண்டி எடுத்தர்றான் பாருங்க. அங்க ஒரு புள்ள ஒத்தையில நிக்குதுங்க தம்பி. ஆமாம்னோ இல்லைன்னோ, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னங்க கொறைஞ்சு போயிரும்?